ஆளில்லாத கவசங்கள்

மதியம் சாப்பிட்டபடியே போனில் ஒரு அச்சுப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பார் ஆறிப்போனதே தெரியவில்லை.

இத்தாலிய ஓவியர் மாந்தேன்யாவின் 'சீசரின் வெற்றி ஊர்வலம்' ஒன்பது பெரிய ஓவியங்கள். ஆந்த்ரேயா ஆந்த்ரேயானி என்ற அச்சுக் கலைஞர் 1599-இல் அதை மரச்செதுக்கில் அச்சாக்கினார்; நான் பார்த்தது அதைத்தான். ஒவ்வொரு நிறச் சாயலுக்கும் ஒரு மரக்கட்டை. ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்ற வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் தாள் பாழ்.

யானை முதுகில் விளக்குகள் எரிகின்றன. சரி, சண்டை எங்கே?

தேடினேன். ஊர்வலத்தில் வருபவர்களிடையே ஒரு வெட்டு, ஒரு குத்து கிடையாது.

கழிகளில் மாட்டிய கவசங்கள்தான் வருகின்றன. கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி, உள்ளே ஆளில்லாமல்.

ரோமின் பலத்தைக் காட்ட, தோற்றவனின் காலிச் சட்டை போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

கடைசியில் தேரில் சீசர். முகத்தில் சிரிப்பே இல்லை.