புறாமலையைத் தேடினால் சென் லூசியா வருகிறது

உயர்தரப் புவியியல் செயற்றிட்டமாக இருந்தாலும், வளாகத்தில் இறுதியாண்டு ஆய்வாக இருந்தாலும், திருகோணமலைப் பிள்ளைகள் எடுக்கும் தலைப்புகள் பெரும்பாலும் ஊரைச் சுற்றியே இருக்கும். புறாமலைப் பவளப்பாறை, கன்னியா வெந்நீரூற்று, துறைமுகம், கரைவலை, சுனாமிக்குப் பின்னான மீள்குடியேற்றம். எல்லாம் நல்ல தலைப்புகள். ஆனால் உசாத்துணைப் பகுதிக்கு வந்தால் "கூகுள்" என்றோ "இணையம்" என்றோ எழுதியிருக்கும். கூகுள் தேடித் தருகிற கருவி. தகவலை எழுதியவர் வேறொருவர். அவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைக்கும்வரை தேடல் முடியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

நிலாவெளிக்கு அப்பால் கடலில் இருக்கும் சிறு தீவான புறாமலையையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பிஜன் ஐலண்ட் என்று மட்டும் தட்டிப் பாருங்கள். கரீபியன் கடலில், சென் லூசியாவில் அதே பெயரில் ஓர் இடம் இருக்கிறது. கர்நாடகக் கரைக்கு அப்பால் இருக்கும் நேத்ராணித் தீவுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். பவளப்பாறை, சுழியோடுதல் என்ற சொற்களைச் சேர்த்தாலும் நேத்ராணி விலகாது, ஏனென்றால் அங்கும் பவளம் உண்டு, அங்கும் சுழியோடுகிறார்கள். அவசரத்தில் அந்தத் தீவின் மீனினப் பட்டியல் நிலாவெளிக் கடலுக்கு வந்துவிடும்.

இதைத் தவிர்ப்பது கடினமல்ல. தீவின் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், அப்போது இரண்டு சொல்லும் அதே வரிசையில் சேர்ந்து வரும் பக்கங்களே முன்னுக்கு வரும். பக்கத்தில் ட்ரிங்கோமலி அல்லது நிலாவெளி என்று சேருங்கள். சென் லூசியா இன்னும் வந்துகொண்டிருந்தால் அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போடுங்கள். கழித்தல் குறிக்கு முன்னால் இடைவெளி வேண்டும், பின்னால் இருக்கக்கூடாது. பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலும் அது விலக்கும் குறியாக வேலை செய்யாது. "இதெல்லாம் வேலை செய்யவில்லை" என்று கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்குவது இந்த இடைவெளியில்தான்.

தமிழில் தேடும்போது சிக்கல் வேறு. புறாமலை என்றும் எழுதுகிறார்கள், புறாத்தீவு என்றும் எழுதுகிறார்கள். நம் ஊரின் பெயரே திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை என்று மூன்று விதமாக வருகிறது. திருமலை என்று மட்டும் தட்டினால் திருப்பதி தரிசன நேரம் வந்து நிற்கும். ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே தேடுங்கள், அல்லது இரண்டுக்கும் நடுவில் ஆங்கிலத்தில் 'ஓர்' என்பதைப் பெரிய எழுத்துகளில் இடுங்கள். சின்ன எழுத்தில் இட்டால் கூகுள் அதைக் கட்டளையாக எடுக்காது.

அடுத்தது, கடலுக்கு அந்தப் பக்கத்துச் சொற்கள். சனத்தொகை என்று தேடுவதற்கும் மக்கள்தொகை என்று தேடுவதற்கும் வரும் முடிவுகள் வேறு. கடற்றொழில் என்றால் இலங்கைப் பக்கங்கள் கூடுதலாக வரும், மீன்வளம் என்றால் தமிழ்நாட்டுப் பக்கங்கள். விஞ்ஞானப் பாடத்தில் இது பெரிய தீங்கு செய்யாது. நைதரசன் என்றாலும் நைட்ரஜன் என்றாலும் அணுவெண் 7தான். சட்டம், நிர்வாகம், புள்ளிவிபரம் என்று வரும்போதுதான் ஆபத்து. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை என்று தமிழில் ஏராளமான பக்கங்களில் இருக்கும். அது இந்தியாவின் கிழக்குக் கரைக்கானது. திருகோணமலை மீனவர் பற்றிய ஒப்படைக்குள் அது நுழைந்தால் முழு அத்தியாயமும் பிழைத்துவிடும். சட்டம் பற்றி எதைப் படித்தாலும் எந்த நாட்டுச் சட்டம், எந்த ஆண்டுச் சட்டம் என்று முதலில் பாருங்கள்.

இலங்கை அரச ஆவணங்கள் மட்டும் வேண்டுமென்றால் தேடற் சொற்களுக்குப் பின் ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, உடனே முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் 'ஜிஓவி டொட் எல்கே' என்று எழுதுங்கள். பல்கலைக்கழகங்களுக்கு 'ஏசி டொட் எல்கே'. இதனுடன் 'ஃபைல்டைப்', முக்காற்புள்ளி, 'பிடிஎஃப்' என்று சேர்த்தால் அறிக்கைகள் மட்டும் வரும். பத்து நிமிடத்தில் கற்கக்கூடிய இந்த இரண்டு கட்டளைகளுக்கு ஈடாக வேறெதையும் நான் சொல்லமாட்டேன். கண்ணை உறுத்தும் விளம்பரப் பக்கங்களும் செய்தித் திருட்டுத் தளங்களும் ஒரே அடியில் விலகிவிடும். தளப்பெயரின் கடைசித் துண்டை மட்டும் பார்த்து நம்பிவிடவும் கூடாது. 'ஓர்க்' என்று முடியும் பெயரைப் பணம் கட்டினால் எவரும் பதியலாம், அது தொண்டு நிறுவனம் என்பதற்குச் சான்று ஆகாது.

அரச ஆவணங்களில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, இதைப் பலர் அறிவதில்லை. நம் நாட்டுத் தமிழ் அறிக்கைகள் நிறையப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். நீங்கள் யூனிகோட் தமிழில் எவ்வளவு சரியாகத் தேடினாலும் கூகுளுக்கு அந்த அறிக்கை அகப்படாது. அறிக்கையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதே அறிக்கையின் ஆங்கிலத் தலைப்பைத் தேடுங்கள், அல்லது திணைக்களத்தின் தளத்துக்கே போய் வெளியீடுகள் பகுதியை ஆண்டுவாரியாகத் திறந்து பாருங்கள். கிடைத்த பிடிஎஃப்பில் ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகள் குழம்பி வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு, யூனிகோட் மாற்றியில் இட்டால் தமிழ் வந்துவிடும். எதையுமே தெரிவுசெய்ய முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். அதைக் கணினியில் கூகுள் ட்ரைவில் ஏற்றி, வலது பக்கம் சொடுக்கி, கூகுள் டொக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும், பெரிதென்றால் தேவையான பக்கங்களை மட்டும் பிரித்தெடுங்கள். மாற்றிய பிறகு எண்களை மூலத்துடன் ஒன்றொன்றாக ஒப்பிடுங்கள். 3ம் 8ம் மாறி விழுவது வழக்கம்.

ஸ்கேன் படங்கள் என்றதும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் எல்லாவற்றையும் சேர்த்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். பல ஆவணங்கள் படமாக இருப்பதால் உள்ளடக்கம் கூகுளில் வராது. தளத்துக்குள் போய் நூலின் பெயர், ஆசிரியர் பெயர் வைத்துத் தேட வேண்டும். ஊர் வரலாறு எழுதுகிறவர் இங்கே ஒரு முழு மாலையைச் செலவழிக்கலாம், அது வீண் போகாது. ஆங்கிலக் கட்டுரைகளுக்கு, ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்கொலர். ஒரு கட்டுரை பணம் கேட்டால் கீழே இருக்கும் 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பைத் திறந்து பாருங்கள், பலவேளை ஆசிரியரே ஓர் இலவசப் பிரதியை எங்காவது வைத்திருப்பார்.

இனி நம்பகம். ஒரு தளத்தின் அழகு, சின்னம், 'எங்களைப் பற்றி' பக்கம் இவற்றை வைத்து மதிப்பிடுவதைத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அது போதாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்றாய்வாளர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் எப்படி இணையத்தளங்களை மதிப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். வரலாற்றாய்வாளர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அதே பக்கத்துக்குள் நின்று மேலும் கீழும் படித்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சீக்கிரமே பக்கத்தை விட்டு வெளியேறி, அந்த நிறுவனத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்களும் அவர்களே. போனிலும் இதைச் செய்யலாம். தளத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, கழித்தல் குறியுடன் சைட் கட்டளையில் அதே தளத்தின் முகவரியைப் போடுங்கள். அந்தத் தளம் தன்னைப் பற்றிச் சொல்வது நீங்கி, பிறர் அதைப் பற்றிச் சொல்வது மிஞ்சும்.

ஒரு கூற்றைத் துரத்திப் பார்ப்போம். திருகோணமலைத் துறைமுகம் உலகின் இரண்டாவது பெரிய இயற்கைத் துறைமுகம் என்று ஒரு பக்கம் சொல்லும். இன்னொன்று நான்காவது, வேறொன்று ஐந்தாவது. எதை எழுதுவது? எது அதிக தளங்களில் இருக்கிறது என்று எண்ணக் கூடாது, அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஒரே வசனம் எழுத்துப் பிசகாமல் பல தளங்களில் வந்தால் அத்தனையும் சேர்ந்து ஒரு சாட்சிதான். கேட்க வேண்டியது இது: பெரிது என்றால் எதில் பெரிது? நீர்ப்பரப்பிலா, ஆழத்திலா, உள்ளே நிறுத்தக்கூடிய கப்பல்களின் எண்ணிக்கையிலா? எந்தப் பட்டியலில், யார் அளந்து, எந்த ஆண்டில்? அந்தப் பக்கங்களில் இதற்கு விடை இருக்காது. அளவுகோல் இல்லாத தரவரிசையை ஆய்வில் சேர்க்காதீர்கள். அதற்குப் பதிலாக, துறைமுக அதிகாரசபை தருகிற 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பை எழுதுங்கள். வாசிப்பவர் அதைச் சரிபார்க்க முடியும், ஒப்பிடவும் முடியும்.

திகதிகளுக்கும் இதே கவனம் தேவை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதை ஈஸ்டர் ஞாயிற்றுத் தாக்குதல் என்று எழுதிவிடுவார்கள். ஈஸ்டர் ஞாயிறான 1942 ஏப்ரல் 5ஆம் திகதி தாக்கப்பட்டது கொழும்பு. திருகோணமலை தாக்கப்பட்டது ஏப்ரல் 9ஆம் திகதி, மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும் அன்றுதான். 5ஆம் திகதி ஞாயிறு என்றால் 9ஆம் திகதி வியாழன். ஒரு பக்கம் திருகோணமலை, ஏப்ரல் 9, ஞாயிறு என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால், வேறு தளத்துக்குப் போகாமலே அதில் பிழை இருப்பது தெரிந்துவிடும். தேடும்போது 1942 என்ற எண்ணை மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுத்தாக்குதல் செய்திகளே முழுப் பக்கத்தையும் நிரப்பும்.

சனத்தொகை எண்களில் இடமும் ஆண்டும் சேர்ந்தே வர வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்துக்கு 379,541 என்று இருக்கிறது. அதற்குப் பிறகு 2024 குடிசன மதிப்பீடு வந்துவிட்டது. பழைய எண்ணை "தற்போதைய சனத்தொகை" என்று இன்னும் வைத்திருக்கும் தளங்கள் நிறைய உண்டு. மாவட்டம் வேறு, 'பட்டினமும் சூழலும்' என்ற பிரதேச செயலகப் பிரிவு வேறு, நகர எல்லை வேறு. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. எண்ணுக்கு அருகில் இவற்றில் எது என்று எழுதியிருக்காவிட்டால் அந்த எண்ணை எடுக்க வேண்டாம்.

ஒரு தளம் எதற்காக இருக்கிறது என்பதையும் பாருங்கள். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் பக்கங்கள் படகு எங்கே ஏறுவது, எந்த மாதம் கடல் அமைதியாக இருக்கும் என்பதை நன்றாகவே சொல்லும். பவளத்தின் நிலையைப் பற்றி அவர்கள் எழுதுவது பயணியை அழைப்பதற்காக. அதற்கு வனஜீவராசிகள் திணைக்களமும், நீர்வள ஆராய்ச்சிக்கான அரச நிறுவனமான நாராவும் இருக்கின்றன. புறாமலை 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசியப் பூங்காவானது. இரண்டையும் குழப்பும் பக்கத்தில் மற்றத் தகவல்களையும் சந்தேகத்துடன் படியுங்கள். பவளப்பரப்பு இத்தனை வீதம் என்று கண்டால் அளந்த ஆண்டைத் தேடுங்கள். கடல்நீர் சூடாகிப் பவளம் நிறமிழந்து வெளிறினால் சில மாதங்களிலேயே அந்த வீதம் மாறிவிடும்.

விக்கிபீடியாவைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், அடிக்குறிப்பைத் திறந்து மூலத்தைப் படித்து அந்த மூலத்தையே உசாத்துணையில் எழுத வேண்டும். இணைப்பு செத்திருந்தால் முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபாக் மெஷின் தளத்தில் ஒட்டுங்கள், பழைய பிரதி பெரும்பாலும் இருக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் கட்டுரைப் பெயர்களை மட்டும் ஒருபோதும் அப்படியே எழுதாதீர்கள். உண்மையான சஞ்சிகை, உண்மையான ஆய்வாளர், ஆனால் எழுதப்படாத கட்டுரை என்று கலந்து தருகின்றன. முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் இட்டு ஸ்கொலரில் தேடுங்கள். வராவிட்டால், வந்தாலும் திறந்து படிக்காவிட்டால், விட்டுவிடுங்கள்.

படிக்கும் அன்றே கொப்பியில் நான்கு விபரம் எழுதுங்கள்: எழுதியவர், பக்கத்தின் திகதி, முழு முகவரி, நீங்கள் பார்த்த நாள். ஸ்கிரீன்ஷொட்டில் முகவரி பாதியில் வெட்டுப்பட்டுவிடும், பிறகு தேடினால் கிடைக்காது.

சில தகவல்கள் இணையத்தில் இல்லை. ஒரு கிராம சேவையாளர் பிரிவில் எத்தனை படகு, எத்தனை கிணறு என்பதற்குக் கூகுளுடன் மல்லுக்கட்டிப் பயனில்லை. மாவட்டச் செயலகத்தில் புள்ளிவிபரக் கிளை இருக்கிறது, மாவட்டப் புள்ளிவிபரக் கைந்நூலை அவர்கள்தான் தயாரிக்கிறார்கள். பாடசாலையிலோ வளாகத்திலோ ஒரு கடிதம் வாங்கி, என்ன எண், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள்.