விட்டத்தில் தொங்கிய கம்பிகளும் துளைவிட்ட டைட்டேனியமும்

உயர்தர வகுப்புப் பௌதிக ஆய்வுகூடத்தில் விட்டத்திலிருந்து தொங்கிய இரண்டு கம்பிகள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒன்றில் படிகளை ஏற்றி, வேணியரில் நீட்சி பார்த்து, பொருளின் விறைப்பைச் சொல்லும் யங்கின் மட்டைக் கணிப்போம். செயற்கை எலும்புக்கு உலோகம் செய்கிறவர்களின் முதல் தலையிடியும் அதே மட்டுத்தான். டைட்டேனியத்துக்கு அது ஏறத்தாழ 105 கிகா பாஸ்கல். தொடை எலும்பின் கெட்டியான புறப்பகுதிக்கு 20ஐ ஒட்டி. பாரத்தை உலோகமே தாங்கிவிட, வேலை குறைந்த எலும்பு மெலியும்; பதித்த பாகம் ஆடத் தொடங்கும்.

துளை விட்டால் விறைப்பு இறங்கும். கன அளவில் 40 சதவீதமே உலோகம் என்றால், 105ஐ 0.4இன் வர்க்கத்தால் பெருக்குங்கள்: சுமார் 17.

துளை விடுவதற்கு இரசாயனக்கூடத்து அமோனியம் இருகாபனேற்றே போதும். சூடாக்கினால் அமோனியா, காபனீரொட்சைட்டு, நீராவி என்று முழுதாகப் போய்விடும். 45 மைக்ரோன் அரிதட்டில் இறங்கிய டைட்டேனியத் தூள் 100 கிராமுக்கு இருகாபனேற்று 53 கிராம் சேர்த்தால் அது கன அளவில் 60 சதவீதம். இருகாபனேற்று மணிகள் 400 முதல் 600 மைக்ரோன். எலும்பும் இரத்தக் குழாயும் உள்ளே வளர அந்த இடம் வேண்டும். மணிகளின் பங்கை நன்றாகக் குறைத்தால் துளைகள் ஒன்றோடொன்று தொடுக்காமல் மூடிய அறைகளாகிவிடும். கலக்கும்போது சில துளி எதனோல் விடுங்கள். இல்லாவிட்டால் பாரமான தூள் அடியில் தங்கி, அழுத்தி எடுக்கும் வில்லையின் ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் பொருக்கு. 200 மெகா பாஸ்கலில் அழுத்தலாம். அதற்கு மேலே போகப்போக மணிகள் நொருங்கும்.

பிறகு 200 பாகை வரை மெதுவாக, சில மணித்தியாலம். அவசரப்பட்டால் வாயு வில்லையை வெடிக்க வைக்கும். வெளியே எடுத்து நிறுத்துப் பாருங்கள்: சேர்த்த 53 கிராமும் குறைந்திருக்க வேண்டும். மிச்சம் இருந்தால் பிறகு சுடும் மேல் வெப்பத்தில் அதன் ஒட்சிசனையும் நைதரசனையும் டைட்டேனியம் விழுங்கிவிடும். ஒட்சிசன் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவத் தரத் தூய டைட்டேனியத்தின் எல்லையே போச்சு. விசுக்கோத்துப் போல உடையும். நுண்தூளின் பரப்பு பெரிது என்பதால் வாங்கும்போதே கொஞ்சம் ஒட்சிசன் கூடவே வருகிறது.

சுடுவது வெற்றிடத்தில், 1250 முதல் 1300 பாகை, இரண்டு மூன்று மணித்தியாலம். அலுமினாத் (அலுமினிய ஒட்சைட்டு) தட்டில் வைக்காதீர்கள், டைட்டேனியம் அதைத் தாக்கும். இற்றியாத் (இற்றியம் ஒட்சைட்டு) தட்டுத்தான் நம்பிக்கை.

கடைசல் இயந்திரத்தில் சீவினால் உலோகம் இழுபட்டு மேற்பரப்புத் துளைகளை அடைத்துவிடும். எலும்பு நுழைய வேண்டிய வாசலே அதுதான். மின்பொறி பாய்ச்சி வெட்டும் கம்பியால் வெட்டினால் துளை திறந்தபடி இருக்கும்.