வண்ணாரப்பேட்டையில் 800 சுற்று

கடற்கரை ஸ்டேஷனில் இறங்கும்போது என் பையில், கைக்குட்டையில் பொதிந்த கருகிய காயில் (கம்பிச்சுருள்) ஒன்று இருந்தது. நண்பர் வீட்டுப் பழைய வில்லியம்ஸ் பின்பால் மெஷினில், மேல் பட்ட பந்தைத் திருப்பித் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்லிங்ஷாட்டை உதைப்பது அதுதான். டிரான்ஸிஸ்டர் ஷார்ட்டாகி, கரண்ட் நிற்காமல் ஓடியதில் வெந்துவிட்டது. மேல் காகிதத்தில் ஏஇ-23-800 என்ற எழுத்து மட்டும் தப்பியிருந்தது. 23 கம்பியின் கேஜ், அதாவது தடிமன் எண் (எண் ஏற ஏறக் கம்பி மெலியும்); 800 சுற்றுகளின் எண்ணிக்கை.

பர்மா பஜார் ஓரம் ஒரு தட்டு அத்தோ (பர்மிய நூடுல்ஸ்), கூடவே வாழைத்தண்டு சூப். அப்புறம் மண்ணடியில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் வண்ணாரப்பேட்டை. காயில் சுற்றித் தரும் வைண்டிங் கடையைத் தேடவே வேண்டாம், தெருமுனையிலேயே வார்னிஷ் வாசனை வந்துவிடுகிறது.

"23 கேஜ், 800 சுத்து வேணும் ஐயா."

பெரியவர் தலையாட்டவில்லை. பழைய கம்பியின் நுனியை நெருப்பில் காட்டி, எனாமலைச் சுரண்டி, மைக்ரோமீட்டரில் வைத்தார். 0.57 மி.மீ. "இது நம்ம 23 இல்ல தம்பி, 24."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காகிதத்தில் இருப்பது அமெரிக்க கேஜ், அதில் 23 என்றால் 0.574 மி.மீ. நம் கடைகளில் புழங்கும் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கேஜ் கணக்கில் 23 என்பது 0.61 மி.மீ., 24 என்பது 0.559. நான் சொன்னபடியே சுற்றியிருந்தால் 800 சுற்றும் பாபினில் அடங்குவதே சந்தேகம்.

"உதை பலமா இருக்கணும், 900 போடலாமா?"

"சுத்து ஏறினா கரண்ட் எறங்கும். 800-ன்னா 800."

எவ்வளவு சரியான பேச்சு! இதே வகையில் 26 கேஜ், 1200 சுற்று உள்ள 26-1200 காயிலைப் பாருங்கள். எண்கள் பெரியவை, உதையோ மெல்லியது. கம்பி மெலிந்து நீளம் கூடுவதால் தடை 4 ஓமிலிருந்து 11 ஓம் அளவுக்கு ஏறுகிறது. 50 வோல்ட்டில் 12 ஆம்பியர் ஓடிய இடத்தில் 5-கூட ஓடாது. பட்டனை அழுத்தினால் பந்தை அடிக்கும் ஃபிளிப்பரின் காயிலில் இதையே அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அடிப்பதற்குத் தடித்த கம்பி, அடித்த பிறகு பிடித்து நிறுத்த 100 ஓமுக்கு மேல் தடையுள்ள மெல்லிய கம்பி. பட்டனை அழுத்தியே வைத்திருந்தாலும் அது வேகாமல் இருப்பது அதனால்தான்.

கைச்சுற்று மெஷினின் கவுன்டர் 800-ல் நின்றது. மீட்டரில் 4.4 ஓம். கம்பி ஒரு மயிரிழை மெலிசு, அவ்வளவுதான். கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடின் கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் வரும்படி நானே பற்றவைத்தேன்.

புதுக் காகிதம் ஒட்டி, பெரியவர் பேனாவால் '24 – 800' என்று எழுதினார். அடுத்து இதைக் கழற்றுபவர் ஏமாறக் கூடாதே என்று பக்கத்தில் 'எஸ்.டபிள்யூ.ஜி.' என்று நான் சேர்த்தேன்.