மூன்று தட்டு

அந்தக் கட்டைவிரலை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஷூட்டிங் அன்று மானிட்டரில் ஒரே ஒரு முறை. அப்புறம் எடிட்டிங் ரூமில் முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி. வலது கை இடுப்புக்கு மேலே மெல்ல எழும்புகிறது, நான்கு விரல்கள் மடங்குகின்றன, கட்டைவிரல் மட்டும் மேலே நிற்கிறது. முழுதாக ஒரு வினாடிகூட இருக்காது. பிறகு கை தளர்ந்து, மிதக்கும் புடவைத் தலைப்புக்குள் போய்விடுகிறது.

தரையில் அதற்கு ‘ரெடி’ என்று அர்த்தம், ‘ஓகே சார்’ என்று அர்த்தம். தண்ணீருக்குள் டைவர்களுக்கு அது ஒன்றே ஒன்றுதான்: ‘மேலே போகணும்.’ சரி என்று சொல்ல வேண்டுமானால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுவார்கள். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த டைவிங் மாஸ்டர் அன்று காலை இதை யூனிட் மொத்தத்துக்கும் இரண்டு முறை சொன்னார். நானும் முன்வரிசையில் நின்று கேட்டேன். அதனால் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

கட் கொடுக்கும் பொறுப்பும் அசிஸ்டன்ட் டைரக்டரான என்னிடம்தான் இருந்தது. வாயால் கத்தினால் நீருக்குள் இருப்பவருக்குக் கேட்காது. நீருக்கடியில் வைக்கிற ஸ்பீக்கருக்கு வாடகை அதிகம் என்று மேனேஜர் மறுத்துவிட்டார். அதனால் ஓர் இரும்புக் கம்பியை என் கையில் கொடுத்தார்கள். நீச்சல்குளத்துப் படிக்கம்பியில் இரண்டு தட்டு தட்டினால் ஆக்‌ஷன், மூன்று தட்டினால் கட். நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகும், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழுவதால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாதாம். “மண்டைக்குள்ள யாரோ தட்ற மாதிரி இருக்குண்ணா” என்று ஒத்திகையில், நீருக்குள் நடித்த அந்த நடிகை சொன்னார்.

படம் பேய்ப்படம். தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் பெண், பாட்டி ஊரின் பாழுங்கிணறு, அந்தக் கிணற்றில் இருப்பவள். கதையை இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. வருஷத்துக்கு ஒரு காவு வாங்கும் குளமோ கிணறோ இல்லாத ஊர் நம்மிடம் எது? ஆனால் டைரக்டர் சார் கதை சொல்லும்போது ஒரு வரி சொன்னார், அது எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்: “பேயை விட்டு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடலாம். தண்ணியை விட்டு எங்க போவே? குடிக்கணும், குளிக்கணும், மூஞ்சி கழுவணும்.” அந்த வரிக்காகத்தான் சம்பளம் குறைவு என்று தெரிந்தும் அந்தப் படத்தில் சேர்ந்தேன். பக்கெட்டில் ததும்பும் தண்ணீரையும் ராத்திரி சொட்டும் குழாயையும் வைத்துப் பயமுறுத்த முடியும் என்று அவர் நம்பினார். முடியும் என்று நானும் நம்பினேன்.

ஆடிஷனுக்கு வந்த அன்று, மாடிப்படியில் என்னை நிறுத்தி அந்த நடிகை சொன்னது இது.

“அண்ணா, ஒண்ணு சொல்லணும். எனக்குத் தண்ணின்னா நெஜமாவே பயம். சின்ன வயசுல தண்ணில கண்டம் இருக்குன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. பீச்சுக்குப் போனாக்கூட எங்க வீட்ல கால் நனைக்க விட்டதில்ல.”

நான் சொன்னது: “இதை சார்கிட்ட சொல்லிக்காதீங்கம்மா. வேற ஆளைப் பார்த்துடுவாங்க.”

அவர் நல்லதுக்குத்தான் சொன்னேன். இதை எத்தனை முறை யோசித்தாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன். நாலு வருஷமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய பெண். இப்படி உண்மையைச் சொல்லி வாய்ப்பைக் கோட்டைவிட்ட ஏழெட்டுப் பேரையாவது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் என்ன ஆனது என்றால், அவ்வளவு பெரிய யூனிட்டில் அவர் பயம் நிஜப் பயம் என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். டைரக்டருக்குத் தெரியாது. டைவிங் மாஸ்டருக்கும் தெரியாது.

பத்து நாள் பயிற்சி கொடுத்தோம். முதல் நாள் படியைப் பிடித்த கையை விடவில்லை. பத்தாம் நாள், சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரை வாயில் கவ்விக்கொண்டு குளத்தடியில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். “பயம் போயிடுச்சாம்மா?” என்று கேட்டேன். “பழகிடுச்சுண்ணா” என்றார். இப்போது நினைத்தால், நான் கேட்டது வேறு, அவர் சொன்னது வேறு.

ஷாட் இதுதான். கிணற்றுச் சுவர் மாதிரி செட்டை நீருக்குள் இறக்கி, சுற்றிக் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். அவர் அடியில் உட்கார்ந்திருப்பார். மாஸ்டர் தன் மாற்று ரெகுலேட்டரிலிருந்து மூச்சுக் கொடுத்துவிட்டு, சுவருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார். இரண்டு தட்டு. 20 வினாடி. மூன்று தட்டு. மாஸ்டர் திரும்பி வந்து மூச்சுக் கொடுப்பார். ஆழத்தில் ரெகுலேட்டர் காற்றை இழுத்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக மேலே ஏறினால் நுரையீரல் விரிந்து கிழிந்துவிடலாம். அதற்கு அந்தக் குளத்தின் ஆழமே போதும். அதனால் பதறி ஏறவே கூடாது, ஏறும்போது மூச்சை விட்டுக்கொண்டே ஏற வேண்டும் என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

முதல் ஆறு டேக் தேறவில்லை. கண்ணை உருட்டினார், கையைக் காலை உதறினார். “சினிமாவுல பயப்படுற மாதிரியே பயப்படுறாங்கப்பா” என்று சார் சலித்துக்கொண்டார்.

ஏழாவது டேக்கில் அவர் எதுவுமே செய்யவில்லை. முகம் அப்படியே நின்றுவிட்டது. கண் திறந்தபடி, உதடு லேசாக விலகி, கூந்தல் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. மானிட்டரைச் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். என் முதுகு சில்லிட்டது. அப்போது, ஸ்டாப்வாட்ச்சில் 11, அந்தக் கை எழும்பியது.

நான் தட்டியது 20-இல்.

நடுவில் ஒன்பது வினாடி. அதில் என்ன நினைத்தேன் என்பதற்கு என்னிடம் மூன்று பதில் இருக்கிறது, மூன்றும் உண்மை மாதிரியே தோன்றுகிறது. ஒன்று, ‘ஓகே, கன்டினியூ’ என்று சொல்கிறார் என்றுதான் படித்தேன். முகம் அவ்வளவு அமைதியாக இருந்ததே. இரண்டு, கம்பியைத் தூக்கிவிட்டேன், சார் திரும்பாமலே “இரு” என்றார். மூன்று, எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் அந்த முகத்தைக் கலைக்க மனசு வரவில்லை. இரண்டாவதை நான் பின்னால் சேர்த்துக்கொண்டேனோ என்று சந்தேகம் உண்டு. மேக்கிங் வீடியோ எடுத்த பையனின் கார்டில் அந்த நேரம் இல்லை, பேட்டரி மாற்றப் போயிருந்தான்.

அமைதியாக இருந்ததே என்றேன் இல்லையா, அதிலும் இப்போது நிற்க முடியவில்லை. நிஜமாக மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோலக் கத்துவதோ கையசைத்துக் கூப்பிடுவதோ பெரும்பாலும் இல்லையாம். மூச்சுக்குப் போராடும் உடம்புக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. கரையில் நிற்பவருக்கு ஆள் சும்மா நிற்பது போலவே தெரியும். இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே தெரிந்திருந்தால் தட்டியிருப்பேனா என்று கேட்டால், கட்டைவிரலின் அர்த்தம் அன்றைக்கே தெரிந்தும்தானே தட்டவில்லை.

மேலே வந்து படியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார். யூனிட் கைதட்டியது. நிஜமாகவே தட்டியது, யாரும் முறைக்குத் தட்டவில்லை. டவலை நீட்டப் போன என்னிடம், “ஓகேவாண்ணா?” என்றார். “சூப்பர்மா” என்றேன். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. குளோரின் என்று சொல்லிக்கொண்டோம்.

அந்த ஷாட்டை வினாடிக்கு 48 பிரேமில் எடுத்திருந்தோம். திரையில் 24 பிரேம்தான் ஓடும், அதனால் எல்லாம் இரட்டிப்பு, ஒன்பது வினாடி 18 வினாடி. எடிட்டருக்கு அந்த நீளம் அப்படியே வேண்டும், ஆனால் கை மட்டும் இடித்தது. அடுத்த ஷாட்டில் இரண்டு கையும் விரிந்திருக்கும், கன்டினியூட்டி பொருந்தாது. கம்ப்யூட்டரில் எதை மாற்ற வேண்டும் என்கிற சிஜி லிஸ்ட் எழுதுவது என் வேலை. எழுதினேன்: ‘வலது கை, கட்டைவிரல் – அழிக்கவும்.’ நாலைந்து நாளில் சுத்தமாக அழித்துக் கொடுத்துவிட்டார்கள். படம் பார்த்த பலரும் பாராட்டியது அந்த 18 வினாடியைத்தான்.

நடாலி வுட் என்ற ஹாலிவுட் நடிகைக்கும் தண்ணீர் என்றால் பயம். சிறுமியாக நடித்த ஒரு படத்தில் பாலம் உடைந்து நீரில் விழுந்து மணிக்கட்டு முறிந்தவர். பின்னால் 1961-இல் வந்த படத்தில் நீர்நிலைக் காட்சி ஒன்று. பயமாக இருக்கிறது என்று டைரக்டர் எலியா கசானிடம் சொல்லிவிட்டார். தரை காலுக்கு எட்டும் என்று தைரியம் சொல்லியும் பயம் போகவில்லை. அதனால் தன் உதவியாளரை அவரோடு தண்ணீரில் இறக்கி, பிரேமுக்குச் சற்று வெளியே நிற்க வைத்ததாகக் கசான் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1981 நவம்பரில், கலிபோர்னியாவின் கேட்டலினா தீவருகே, நடாலி வுட் நீரில் மூழ்கித்தான் இறந்தார். இதைப் படித்தபோது அவர் சாவைவிட அந்த உதவியாளர்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். ஈர உடையோடு, கேமராவில் விழாமல், கை எட்டும் தூரத்தில் நின்றவர். அவருக்கும் அதே வேலை, எனக்கும் அதே வேலை. அங்கே அந்த நடிகையால் சொல்ல முடிந்தது, அதனால் உதவியாளர் இறங்கினார். இங்கே சொல்லாதே என்று நானே சொல்லியிருந்தேன்.

அப்புறம் நான் மாறினேனா என்றால், மாறினேன் என்றுதான் சொல்வேன். இப்போது அசோசியேட் டைரக்டர். என் செட்டில் யார் கட்டைவிரலைத் தூக்கினாலும், தரையிலேயே ஆனாலும், ஒரு நொடி நின்று “என்ன?” என்று வாயால் கேட்கிறேன். ஆனால் போன மாதம் ரோப் சீனுக்கு வந்த ஒரு பையன் தனியாகக் கூப்பிட்டு, உயரம் என்றால் தலைசுற்றும் என்றான். “மாஸ்டர்கிட்ட சொல்லிடு” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது, “வெளிய சொல்லிக்காதப்பா, நான் பார்த்துக்கறேன்.” அவனுக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டேன், ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அவரிடம் அந்தக் கையைப் பற்றி நான் கேட்டதே இல்லை. அவர் ஒரு முறை கேட்டார். மூச்சு டப்பிங்குக்கு வந்திருந்தார். கிணற்றுக் காட்சி லூப் திரையில் ஓடியது. சிஜி முடிந்த பிரதி.

“அண்ணா, இதுல நான் கை காட்டியிருப்பேனே?”

“எந்தக் கைம்மா?” என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று திரையையே பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“ஒண்ணுமில்லண்ணா. ஓட்டச் சொல்லுங்க.”

இன்ஜினியர் ஓட்டினார். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, 18 வினாடியும் மூச்சை அடக்கி நின்றார். பிறகுதான் விட்டார்.