நின்றவூரில் இறங்கிய காலை

கொழுந்தன் வீட்டுக் கிரகப்பிரவேசம் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வைத்திருந்தார்கள். திருவள்ளூரில் புது வீடு. விடியற்காலை 4.30 முதல் 6 வரை முகூர்த்தம். என் கணவரும் மகளும் முதல் நாள் சாயங்காலமே போய்விட்டார்கள். எனக்குத் தலைவலி, காலையில் ரயிலேறி சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். தலைவலி ஒன்றும் இல்லை. புது அடுப்பில் பால் பொங்கும்போது பக்கத்தில் நிற்கும் தெம்பு எனக்கு இல்லை.

கொரட்டூரில் ஏறினேன். ஆவடி தாண்டியதும் வழக்கம்போல ஜன்னல் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம்தான் எங்கள் மனை இருந்தது. 2009-ல் வாங்கியது, ஒரு கிரவுண்டு. 2014-ல் கடைக்கால் தோண்டி, பேஸ்மட்டம் வரை கொண்டுவந்தோம். அதே வருடம் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அப்பா இல்லை, நான் ஒரே பெண். வாரம் 2 முறை டயாலிசிஸ். 2015-ல் பேஸ்மட்டத்தோடு மனையை விற்றோம். 2018-ல் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

உறவுக்காரர்கள் கேட்டபோதெல்லாம், "பத்திரத்தில் வில்லங்கம் இருந்தது, நல்ல வேளை கைமாற்றிவிட்டோம்" என்று சொன்னேன். முதல் தடவை ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கையில் பணம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அதுதான் காரணமாக இருக்கவேண்டும். ஒரு தடவை சொன்னதை மாற்ற முடியாமல் இத்தனை வருடம் ஓடிவிட்டது.

நெமிலிச்சேரி தாண்டியதும் எதிர் சீட்டில் இருந்த பெரியவர், "அடுத்த ஸ்டேஷன்தானே பூசலார் கோயிலுக்கு?" என்று கேட்டார். பக்கத்தில் அவர் மனைவி. மடியில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் எக்கோ, ஆஞ்சியோ ரிப்போர்ட்டுகள். மறுநாள் பெரியவர் இதய அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமாம். "ஆமாம், திருநின்றவூர்தான்" என்றேன். அவர்கள் எழுந்தபோது நானும் எழுந்துவிட்டேன். திருவள்ளூருக்கு இன்னும் நாலு ஸ்டேஷன் இருந்தது.

இதை எழுதுவதற்கு முன்னால் என் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா போனபிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. உளவியல் முதுகலை படிக்கும் மகள்தான் ஒரு நல்ல ஆலோசகரிடம் அழைத்துப் போனாள். அவர் சில மாதங்கள் பேசினார், அப்புறம் ஒரு பயிற்சி கொடுத்தார். தினமும் படுக்கும் முன் அன்று நடந்த 3 நல்ல விஷயங்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். மார்ட்டின் செலிக்மன் 1998-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, மன நோயை மட்டும் ஆராய்ந்தால் போதாது, மனிதர் நன்றாக வாழ்வது எப்படி என்பதையும் ஆராய வேண்டும் என்று முன்வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் நேர்மறை உளவியல். இந்த 3 நல்ல விஷயப் பயிற்சியை அவரும் சக ஆய்வாளர்களும் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். ஒரு வாரம் எழுதியவர்களுக்கு ஆறு மாதம் வரைகூடப் பலன் தெரிந்ததாம். இதெல்லாம் மகள் எனக்குச் சாப்பாட்டு மேஜையில் சொன்னது.

எழுத எழுதத் தூக்கம் வந்தது, அதை மறைக்கமாட்டேன். மல்லிகைச் செடி பூத்தது, பால்காரர் நேரத்துக்கு வந்தார், பஸ்ஸில் இடம் கிடைத்தது என்று சின்னச் சின்ன விஷயங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. ஆனால் ஒருநாள் மகள் நோட்டைப் புரட்டிவிட்டு, "அம்மா, 'ஏன்'ங்கிற பக்கத்துல நீ ஒரு இடத்துலகூட இல்லையே" என்றாள். பார்த்தேன். பூத்தது மழையால். இடம் கிடைத்தது யாரோ எழுந்ததால். குழம்பு நன்றாக இருந்தது புளி நல்ல புளி என்பதால். அந்தக் குழம்பை வைத்தது நான்தான், அதை எழுதவில்லை.

கரோல் ரிஃப் என்ற உளவியலாளர் 1989-ல் மனநலத்துக்கு ஆறு கூறுகளைச் சொன்னாராம். அவற்றில் ஒன்று தன்னை ஏற்றுக்கொள்ளுதல், தன் கடந்த காலத்தையும் சேர்த்து. "உனக்கு அந்த ஒன்றுதான் தகராறு" என்றாள் மகள். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

ஸ்டேஷனிலிருந்து அந்தத் தம்பதியோடு ஷேர் ஆட்டோவில் போனேன். பூசலார் கோயில் என்று அவர் கேட்ட இருதயாலீஸ்வரர் கோயில் பெரிய கோயில் இல்லை. சன்னதிக்கு முன்னால் நின்றால், சிவலிங்கம் இருக்கும் கருவறையிலேயே பூசலாரும் இருக்கிறார். நாயன்மார்களைப் பிரகாரத்தில் வரிசையாகப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, சுவாமிக்கு இத்தனை பக்கத்தில் ஓர் அடியாரைப் பார்ப்பது ஏதோ ஒரு வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது.

அந்த அம்மாள் ஃபைலை அர்ச்சனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தேங்காய், வெற்றிலை, வாழைப்பழம், அதற்கு அருகில் ஆஸ்பத்திரி முத்திரை போட்ட நீல ஃபைல். குருக்கள் தட்டோடு ஃபைலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அதன்மேல் வில்வம் இரண்டு இலை ஒட்டியிருந்தது. அந்த அம்மாள் இலையை எடுக்காமல், அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இதய நோய் உள்ளவர்கள் இங்கே வருவது வழக்கம். எனக்கு இதயத்தில் நோய் இல்லை. ஆனாலும் அந்த வரிசையில் நான் நின்றது தப்பு என்று தோன்றவில்லை.

பூசலார் கதை எல்லோருக்கும் தெரியும். கோயில் கட்டப் பணம் கிடைக்கவில்லை, மனதில் கட்டினார் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். சேக்கிழார் அப்படி முடிக்கவில்லை. முதலில் பூசலார் எங்கெங்கோ தேடி அலைகிறார், பொருள் கிடைக்கவில்லை. வருந்துகிறார். அந்த வருத்தத்தைப் பெரியபுராணம் தள்ளிவிட்டுப் போகவில்லை, இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அப்புறம்தான் மனதாலேயே நிதி திரட்டுகிறார், கொஞ்சம் கொஞ்சமாக. சாமான் சேர்க்கிறார், தச்சர்களைத் தேடுகிறார், நாள் பார்த்துக் கடைக்கால் போடுகிறார். ராத்திரி தூங்குவதில்லை. அடிப்பகுதியான உபானத்திலிருந்து சிகரம் வரை அளவு பார்த்து எழுப்பி, தூபி நட்டு, சுதை வேலை முடித்து, கிணறு தோண்டி, மதில் எழுப்பி, குளமும் வெட்டுகிறார். இத்தனையும் முடிந்தபிறகுதான் பிரதிஷ்டைக்கு நாள் குறிக்கிறார். கனவு காண்கிறவர் நேரே கோபுரத்தைப் பார்ப்பார். இவர் கிணற்றையும் மதிலையும் விட்டுவிடவில்லை. வீடு கட்ட இறங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

காஞ்சிபுரத்தில் அப்போது காடவர்கோன் கற்கோயில் எழுப்பி, அதே நாளில் குடமுழுக்குக்கு ஏற்பாடு செய்கிறான். அந்த மன்னன் ராஜசிம்ம பல்லவன் என்றும், கோயில் கைலாசநாதர் கோயில் என்றும் சொல்வார்கள். நான் போயிருக்கிறேன். மணற்கல்லில் 1,300 வருடமாக நிற்கிறது, சுற்றிவர 58 சிறு சன்னதிகள். அந்த மன்னன் கனவில் சிவபெருமான் வந்து, நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலுக்குள் நாளை நாம் புகுகிறோம், உன் நாளை வேறு நாளுக்கு மாற்றிக்கொள் என்கிறார். மன்னன் படையோடு தேடி வருகிறான். ஊரில் யாரும் கோயில் எதுவும் கட்டவில்லையே என்கிறார்கள். ஆளனுப்பிக் கூப்பிடாமல் அவனே பூசலாரைத் தேடிப் போய்க் கேட்கிறான்.

இந்த இடத்தில் பூசலார் என்ன செய்தார்? மருண்டு பார்க்கிறார். என்னையும் ஒரு பொருளாகக் கொண்டா எம்பெருமான் இப்படி அருளினார் என்று திகைக்கிறார். அதன்பிறகு நடந்ததை நடந்தபடி சொல்கிறார். கையில் பணம் இல்லை, அதனால் மனதால் கட்டினேன், இப்படி இப்படிக் கட்டினேன் என்று.

கல்லால் கோயில் எழுப்பிய ஒருவன் எதிரே நிற்கும்போது, கையில் பணம் இல்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. குருக்கள் கற்பூரத்தட்டை நீட்டியபோது இதை நினைத்துக்கொண்டிருந்தேன். தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள நான் மறந்துபோனதால், அவர் இரண்டாம் தடவை நீட்டினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் பூசலாருக்குப் பணம் வந்தது என்று சேக்கிழார் சொல்லவில்லை. மன்னன் அவர் காலில் விழுந்து வணங்கிவிட்டுத் தன் ஊருக்குத் திரும்புகிறான். பூசலார் மனக்கோயிலில் சுவாமியைப் பிரதிஷ்டை செய்து, பல நாள் பூஜை செய்து, இறைவனடி சேர்கிறார். குறை தீர்ந்து நிறைவு வந்ததாகக் கதை இல்லை. இருந்த இடத்திலேயே, இல்லாமையோடேயே அவர் நிறைவாக இருந்தார். நல்லதையே நினை, வருத்தப்படாதே என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. பூசலார் வருந்தியவர். அதனால்தான் அவர் சந்தோஷத்தை நம்ப முடிகிறது.

அங்கிருந்து பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம். மகாலட்சுமி வைகுண்டத்தை விட்டு வந்து நின்ற ஊர், அதனால் திரு நின்ற ஊர் என்கிறது தலபுராணம். செல்வத்துக்கு உரியவளே வந்து நின்ற ஊரில்தான் பூசலாருக்கு ஒரு காசு பெயரவில்லை என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். தாயாரின் பெயர் என்னைப் பெற்ற தாயார். சமுத்திரராஜன் தன் மகளையே அப்படிக் கூப்பிட்டு வேண்டினானாம். சன்னதியில் முன்னால் நின்ற ஒருவர் யாருக்கோ போனில், "என்னைப் பெத்த தாயார் சன்னதில இருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார். அதற்கு மேல் எனக்குக் கண்ணீரை அடக்க முடியவில்லை. ஓரமாகத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டயாலிசிஸ் முடிந்து வரும் நாளில் அம்மாவுக்கு வாய் கசக்கும். தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். எவர்சில்வர் டம்ளரில் கால் டம்ளர் ஊற்றினால் அதை ஒரே வாயில் குடிக்கமாட்டாள். நாக்கை நனைத்து நனைத்து அரை மணி நேரம் வைத்திருப்பாள். அப்படிக் குடித்துக்கொண்டே பேத்திக்குத் தலை பின்னிவிடுவாள். மகள் 10-ஆம் வகுப்பில் மதிப்பெண் வாங்கியதைப் பார்த்தாள். நான் முதல் தடவையாகத் தனியாக அதிரசம் சுட்டபோது பாகு பதம் பார்த்துச் சொன்னாள்.

பையில் நோட்டு இருந்தது. எழுதினேன். அம்மா கூடுதலாக மூன்று வருடம் எங்களோடு இருந்தாள். பக்கத்தில், ஏன் என்ற இடத்தில்: நாங்கள் மனையை விற்றோம்.

எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிறிஸ்டின் நெஃப் என்ற ஆய்வாளர் தன்மேல் கருணை காட்டுவதைப் பற்றி 2003-லிருந்து எழுதுகிறாராம். கஷ்டத்தில் இருக்கும் தோழியிடம் எப்படிப் பேசுவாயோ அப்படி உன்னிடம் பேசு என்பார் என்று மகள் சொல்லியிருக்கிறாள். என் தோழி ஒருத்தி, அம்மாவுக்காக மனையை விற்றேன் என்று வந்து சொன்னால் நான் என்ன சொல்லியிருப்பேன்? கையைப் பிடித்துக்கொண்டு, நீ பெரிய காரியம் செய்திருக்கிறாய் என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு மட்டும் அதை இத்தனை வருடம் சொல்லாமலே இருந்திருக்கிறேன்.

திருவள்ளூர் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஓரகத்தி என்னைக் கையைப் பிடித்து வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினாள். தேக்கு நிலைவாசல், மஞ்சள் தடவிப் பொட்டு வைத்திருந்தது. நன்றாகக் கட்டியிருக்கிறார்கள், மனதாரச் சொன்னேன். பூஜை அறைக்கு முன்னால் என் நாத்தனார், "அண்ணி, நீங்களும் வில்லங்கமில்லாத இடமா ஒண்ணு பாருங்களேன்" என்றாள்.

"வில்லங்கம் எதுவும் இல்லம்மா. நான்தான் அப்படிச் சொல்லிட்டேன். எங்க அம்மா வைத்தியத்துக்குக் கையில பணம் இல்ல, வித்துட்டோம்" என்றேன். குரல் நடுங்கவில்லை.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஓரகத்திதான், "உங்கம்மா எங்க கல்யாணத்துல எனக்குப் பூ வச்சுவிட்டாங்கக்கா" என்றாள். அப்புறம் பரிமாறக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். என் கணவர் கூடத்தின் மறுபக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து, ஒன்றும் சொல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

சாயங்கால ரயிலில் மூவரும் திரும்பினோம். மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். திருநின்றவூர் தாண்டியதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு வரைபடத்தில் அம்மாவுக்கு என்று ஓர் அறை இருந்தது. பேஸ்மட்டத்தோடு நின்றுபோனபிறகு அதை நினைக்க என்னை நான் விட்டதே இல்லை. அன்று பேஸ்மட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். ஆவடி வருவதற்குள் சுவர் எழும்பியது. கிழக்குச் சுவரில் ஜன்னல் வைத்து, அம்மா கட்டிலில் இருந்தபடியே துளசி மாடம் தெரிகிற உயரமா என்று பார்த்து, ஒரு செங்கல் வரிசை இறக்கினேன்.