450 ரூபாய் கூடுதல்

தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என்னிடம் பழைய மாணவர்கள் கேட்டு வருவது பெரும்பாலும் நன்னடத்தைக் கடிதம்தான். மொரீஷியஸில் வேலைக்கு மனுப் போட்டால் அரசின் நடத்தைச் சான்றிதழும் கேட்பார்கள். 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவது அது. குற்றத் தீர்ப்பு உண்டா இல்லையா என்பதோடு நின்றுவிடும். ஆள் எப்படி என்று பழகியவர்தான் சொல்லவேண்டும்.

நான் சொன்ன லட்சணம் தெரியுமா? நேர்மையானவர், உழைப்பாளி, நேரம் தவறாதவர். கம்ப்யூட்டரில் பெயரை மட்டும் மாற்றி அச்செடுப்பேன். ரோஸ் ஹில் ஊர்ப் பையன் ஒருவன் காசாளர் வேலைக்குப் போனபோதும் அதே கடிதம்தான். அங்கிருந்து ஒரு அம்மையார் போன் செய்தார். "நேர்மையானவர் என்கிறீர்களே, எதை வைத்து?" நான் திணறினேன். வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை.

சில மாதம் கழித்து மறுபடி வந்தான். "மிஸ்யே (ஐயா), வேறொரு இடம். இன்னொரு கடிதம் வேணும்." இந்தத் தடவை அவனை உட்காரவைத்துவிட்டு யோசித்தேன்.

கோயிலில் ஒரு காவடித் திருநாள் இரவு. ஏழு கறிச் சாப்பாடு முடிந்து இலை எடுத்தாயிற்று. நன்கொடை ரசீது மேசையில் இருந்தவன் இவன். எண்ணிப் பார்த்தால் பெட்டியில் 450 ரூபாய் கூடுதல். குறைந்தால்தானே கவலை, போகட்டும் விடு என்றோம். அவன் எழுந்திருக்கவில்லை. ரசீதுப் புத்தகத்தில் ஒவ்வொரு அடிக்கட்டையாகப் புரட்டினான். 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, 50 என்று தானே எழுதியிருந்தான். "தப்பு என்னுது" என்று எங்களிடம் காட்டி, மறுநாள் அந்தக் குடும்பத்தைத் தேடிப்போய் ரசீதைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தான்.

அதைத்தான் எழுதினேன், ஒரே பக்கம். எத்தனை வருடப் பழக்கம், எந்த வகையில் பழக்கம் என்பது முதலில். போன் நம்பர் கடைசியில். நடுவில் இன்னொரு வரியும் சேர்த்தேன்: கூச்ச சுபாவம், புது இடத்தில் முதல் வாரம் அதிகம் பேசமாட்டான். அவனிடம் நான் பேசுவது கிரியோல் மொழியும் தமிழும், கடிதமோ ஆங்கிலத்தில். படித்துப் பார்த்தவன் முகம் சுருங்கியது.

"மிஸ்யே, அந்தக் கூச்ச வரியை மட்டும் எடுத்துடலாமே?"

"இருக்கட்டும்பா. அதுவும் நீதானே."

பத்து நாளில் போன் வந்தது. கூச்சத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். அப்புறம், "அந்த அடிக்கட்டை விஷயத்தைக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்றார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.