பல்லுறுப்பி வகுத்தலில் பிள்ளைக்கு எப்படி உதவுவது

பல்லுறுப்பிகளைச் சுருக்கவும் வகுக்கவும் தெரியாமல் ஒரு பிள்ளை கொப்பியோடு வந்து நிற்கும்போது, முழுக் கணக்கையும் நாமே செய்து காட்டிவிடுவதால் அந்தப் பிள்ளைக்கு அன்றைய வீட்டுவேலை முடியுமே தவிர, அடுத்த கணக்கைத் தொடும் துணிவு வராது என்பது என் உறுதியான எண்ணம். தன் விடை சரியா பிழையா என்று தானே சோதித்துப் பார்க்கும் வழியைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும். தரம் 12இல் இணைந்த கணிதம் படிக்கும் என் பெறாமகளுக்கும், கொக்குவிலில் எங்கள் அயலிலுள்ள சில பிள்ளைகளுக்கும் மாலை நேரங்களில் உதவி வருவதால் இதை எழுதுகிறேன். மாறியை இங்கே ‘ய’ என்று குறிக்கிறேன்.

சுருக்கல் கணக்குகளில் மிகுதியாக நேரும் பிழை, பின்னத்தின் மேலும் கீழும் ஒரேமாதிரித் தெரிவதையெல்லாம் வெட்டிவிடுவதாகும். (ய² + 5ய + 6) ÷ (ய + 2) என்ற கோவையில் ய²ஐ யவால் வெட்டி, 6ஐ 2ஆல் வெட்டி, 6ய + 3 என்று எழுதும் பிள்ளைகள் பலர். அப்படிச் செய்யக் கூடாது என்று விதியைச் சொல்லிக் கண்டிப்பதைவிட, யவுக்கு 1ஐப் பிரதியிட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது. மூலக் கோவை 12 ÷ 3, அதாவது 4 ஆகும். பிள்ளை எழுதிய விடையோ 9 ஆகிறது. தன் கையாலேயே அந்த 9ஐக் கண்ட பிள்ளை, மேற்கோவையை (ய + 2)(ய + 3) என்று காரணிப்படுத்திய பின்னரே பொதுக் காரணியை நீக்கலாம் என்பதை மறப்பதில்லை. கீழ்க்கோவையைப் பூச்சியமாக்கும் −2ஐ மட்டும் பிரதியிடக் கூடாது என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஓர் எண்ணுக்குப் பொருந்துவதால் மட்டும் விடை சரியென்று நிறுவப்படுவதில்லை. ஆனால் ஓர் எண்ணுக்குப் பொருந்தாவிட்டால் விடை நிச்சயமாகப் பிழை.

வகுத்தலில் சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. 2ய³ − 3ய + 5 என்பதை ய − 2ஆல் வகுக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ய² உறுப்பு இல்லாததால், அதற்கென 0ய² என்று இடம் விட்டு எழுதாத பிள்ளை, இரண்டாம் வரியிலேயே வேறுவேறு படிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் குழம்பிவிடும். பக்தாத்தில் பிறந்து 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-சமவால் என்ற கணிதவியலாளர், குணகங்களை அட்டவணையின் நிரல்களில் படிவரிசைப்படி நிறுத்தித்தான் பல்லுறுப்பிகளை வகுத்தார். அந்த ஒழுங்கு பிள்ளையின் கொப்பியிலும் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை; சதுரக்கோட்டுக் கொப்பி இதற்கு மிகவும் உகந்தது.

அடுத்த சிக்கல் கழித்தலில் வருகிறது. 0ய²இலிருந்து −4ய²ஐக் கழித்தால் +4ய² வர வேண்டும்; அவசரத்தில் −4ய² என்று எழுதிவிட்டால், பின்வரும் வரிகளெல்லாம் ஒழுங்காகச் செய்யப்பட்டாலும் மீதி −17 என்று முடியும். “சின்னம்மா, எனக்கு மீதி பிழையா வருது” என்று பெறாமகள் சொல்லும்போது, “எந்த வரி வரைக்கும் சரியெண்டு உங்களுக்கு நிச்சயம், பிள்ளை?” என்றே கேட்பேன். அந்த வரியைச் சுட்டிக்காட்டத் தேடுகையிலேயே பெரும்பாலும் பிழை அகப்பட்டுவிடும். சரியான ஈவு 2ய² + 4ய + 5, மீதி 15.

மீதியைச் சோதிக்க மீதித் தேற்றம் இருக்கிறது; ய − 2 போன்ற ஒருபடிக் கோவையால் வகுக்கும்போது, அதைப் பூச்சியமாக்கும் எண்ணை வகுபடும் கோவையில் பிரதியிட்டால் வருவதே மீதி என்பது அது: இங்கே யவுக்கு 2ஐப் பிரதியிட்டால் 16 − 6 + 5, அதாவது 15. ஆனால் இது மீதியை மட்டுமே உறுதிப்படுத்தும். ஈவையும் சேர்த்துச் சோதிக்க, வகுபடும் கோவை = வகுக்கும் கோவை × ஈவு + மீதி என்ற சமன்பாட்டில் வேறோர் எண்ணைப் பிரதியிட வேண்டும். யவுக்கு 1 என்றால் இடப்பக்கம் 4. வலப்பக்கம் (−1) × 11 + 15, அதுவும் 4. இவ்வளவுக்கு ஒரு நிமிடமும் செல்லாது. ரியூசனில் தரும் விடைத்தாள்களும், படம் பிடித்தவுடன் எல்லாப் படிகளையும் காட்டும் தொலைபேசிச் செயலிகளும் இந்தச் சோதனைக்குப் பிறகு திறக்கப்பட்டால் எனக்கு ஆட்சேபமில்லை.

ஒருபடிக் கோவையால் வகுப்பதற்கு, குணகங்களை மட்டும் எழுதிச் செய்யும் குறுக்குவழி ஒன்று உண்டு. இத்தாலியரான ருஃபினி 1804இல் வெளியிட்ட முறை அது; 1819இல் ஆங்கிலேயரான ஹோர்னரும் அதையொத்த முறையை வெளியிட்டார். நீண்ட வகுத்தல் கைவந்த பின்னரே அதைக் காட்டுவேன். ஏனெனில் வகுக்கும் கோவை இருபடியானவுடன், முதலில் குறுக்குவழியைக் கற்ற பிள்ளை திகைத்து நின்றுவிடுகிறது. ய⁵ + 3ஐ ய² − 1ஆல் வகுக்கும்போது மீதி மட்டும் வேண்டுமென்றால், அதன் படி ஒன்றுக்கு மேற்படாது என்பதால் அதனை அய + ஆ என்று வைத்து, வகுக்கும் கோவையைப் பூச்சியமாக்கும் 1ஐயும் −1ஐயும் யவுக்குப் பிரதியிட வேண்டும். அ + ஆ = 4, −அ + ஆ = 2 என்று வருவதால் மீதி ய + 3 ஆகும். ஈவும் வேண்டுமென்றால், எடுத்துக்காட்டாக ஒரு பின்னத்தைப் பகுதிப் பின்னங்களாக (எளிய பின்னங்களின் கூட்டாக) எழுதுமுன், நீண்ட வகுத்தலைத்தான் செய்ய வேண்டும்: ய³ + ய.